எதிர்த் தாரை

அதிகாலை மூன்று நாற்பது. செஸ்ஸி.
அறுத்த சோளத்தின் கட்டைமேல் பனி இறங்கியிருக்கிறது.
நூறு மீட்டர் கீழே புரோட்டான்கள் மோதுகின்றன,
மேலே காப்பி எந்திரம் பழுது.

ஃபிர்மன் வீட்டிலிருந்து பிளாஸ்க் கொண்டுவந்திருக்கிறான்.
ரத்கா குடிக்கமாட்டாள். பச்சை ஆப்பிளைக் கடித்தபடி
எட்டுத் திரைகளையும் மேய்ந்துகொண்டிருப்பாள்.
ஒதில் மட்டும் கணக்கில் இருக்கிறாள்.
தாரைகளைத் திருத்துவது அவள் வேலை:
எந்தத் தாரையும் தன் ஆற்றலை முழுதாகச் சொல்வதில்லை,
கொஞ்சம் சுவரில் ஒட்டிப்போகும்,
கொஞ்சம் எதிலும் படாமல் மலையைத் தாண்டிவிடும்,
அதே நொடியில் மோதிய ஐம்பது பேரின் தூசி
மேலே படிந்து கனத்துக் காட்டும்.
கழித்து, கூட்டி, பெருக்கி
இவ்வளவுதான் இருந்திருக்கும் என்பாள்.
பிழை ஒரு சதவீதம். அந்த ஒன்றுக்கு அவளுக்கு
நான்கு ஆண்டு போயிருக்கிறது.

குவார்க்கை யாரும் பார்த்ததில்லை.
தனியே வா என்றால் வராது.
இழுக்க இழுக்க முறுகும் கயிறு,
அறுந்தால் அறுந்த இடத்திலேயே
இரண்டு புது முனை, இரண்டிலும் ஆள்.
அதையும் இழு.
இப்படி அறுந்து அறுந்து
ஒரு திசையில் கொட்டுவதுதான் தாரை.
கையில் இருந்ததையெல்லாம்
தாரை வார்த்துக் கொடுத்துவிட்டு
கொடுத்தவர் காணாமல் போன வீடு மாதிரி.
நமக்குக் கிடைப்பது ஈரம் மட்டும்.

நொடிக்கு நான்கு கோடி முறை கற்றைகள் குறுக்கிடும்,
ஆயிரம் சொச்சத்தை வைத்துக்கொண்டு
மீதியை எந்திரம் கைகழுவிவிடும்.
வைத்துக்கொண்டதில் ஒன்று
இப்போது ரத்காவின் திரையில் நிற்கிறது.

இடப்பக்கம் ஒரு தாரை. கொழுத்தது.
வலப்பக்கம்

ஒன்றுமில்லை.

ஆப்பிள் வாயருகிலேயே நின்றுவிட்டது.
மோதுவதற்கு முன் குறுக்கே எந்த ஓட்டமும் இல்லையே,
பின்னாலும் கூட்டினால் சுழியம் வரவேண்டுமே.
இங்கே வரவு இருக்கிறது, செலவைக் காணோம்.
ஏதோ ஒன்று
இரும்பையும் பித்தளையையும் படிகத்தையும் தொடாமல்
சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறியிருக்கிறது.

"சொல்லாதே," என்றான் ஃபிர்மன்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
இருண்ட பொருள் என்ற சொல்
மூன்று பேர் நாக்கின் அடியிலும்
கற்கண்டு மாதிரி கிடந்தது.

ஒதில்தான் எழுந்து போனாள்.
ரத்காவின் தோளுக்குமேல் குனிந்து
மறைத்து வைத்திருந்த ஒரு படலத்தைத் திறந்தாள்.
வலப்பக்கம் பதினான்கு தடங்கள்,
காந்தப் புலத்தில் லேசாக வளைந்து,
நெருக்கமாக, கும்பலாக,
சுவர்வரை வந்திருந்தன.
அதற்கு அப்பால் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம்:
செவ்வாய்க்கிழமை மின்சாரம் போன கலங்கள்.

வந்திருக்கிறார்கள்.
கதவைத் தட்டியிருக்கிறார்கள்.
வீட்டில் கேட்க ஆளில்லை.

ரத்கா சிரித்தாள், பிறகு
நிஜமாகவே கோபப்பட்டு
பல்கேரிய மொழியில் எதையோ திட்டினாள்,
யாரை என்று அவளுக்கும் தெரியாது.
ஃபிர்மன் பிளாஸ்க்கைத் திறந்தான், ஆறிவிட்டது.

பதிவேட்டில் ஒதில் எழுதியது:
03:52. எதிர்த் தாரை உண்டு. நாம்தான் செவிடு.
இரண்டாம் வாக்கியத்தை அழித்துவிட்டு
கலங்களின் எண்களை எழுதினாள்.
அந்த நிகழ்வை நீக்கவேண்டாம் என்றும்.
இடப்பக்கத்துக் கொழுத்ததை வைத்து
வலப்பக்கம் எவ்வளவு கேட்காமல் போனது என்று
அளந்துவிடலாம்.
நாளை முதல் திருத்தத்தில் சேரும்.

ஏழு மணிக்கு ஆள் மாறியது.
ஜூரா மலையின் உச்சிப் பனி மட்டும் சிவந்திருந்தது.
சாலையோரம் டிராக்டரை நிறுத்திவிட்டு
யாரோ ஒருவர் சக்கரத்துச் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.
வணக்கம் சொன்னாள் ஒதில்.
எந்திர இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை.
நின்று,
இன்னொரு முறை, கொஞ்சம் உரக்க.